சக்கரம் உருளாத வாட்டம்

யார் வீட்டில் தண்ணீர் கொடுத்தாலும் அவர் உடனே குடிக்க மாட்டார். தம்ளரைக் கொஞ்சம் சாய்த்துத் தரையில் நாலு சொட்டு விடுவார். சொட்டுகள் எந்தப் பக்கம் நகர்கின்றன என்று குனிந்து பார்ப்பார். பார்த்து முடித்த பிறகுதான் தம்ளர் வாய்க்குப் போகும். குடித்ததும் தோளில் கிடக்கும் துண்டால் அந்த ஈரத்தைத் தானே துடைத்துவிடுவார். பன்னிரண்டு வருடங்களாக இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நாங்கள் பிழைக்க வந்த நாட்டில், எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் அவர் இருக்கிறார். ஓர் அறையில் நான்கு பேர். டைல்ஸ் ஒட்டும் வேலை. சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்ன ரசமட்டம் செருகியிருக்கும். உள்ளே குமிழி நடுவில் வந்து நின்றால் தளம் மட்டம் என்று சொல்லும் அந்தக் கருவியின் பெயரே அவருக்கும் நிலைத்துவிட்டது. சொந்தப் பெயர் தபால் பெட்டியில் இருக்கிறது. அதை யாரும் படித்துக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

"பேய்க்குப் பங்கு வச்சிட்டுத்தான் குடிப்பாரு போல" என்று மாடிப்படியில் பெண்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் கூடினால் பேச்சு வராது. ஆனால் எங்கள் வீடு தரைத்தளம். சமையலறை ஜன்னல் வழியாகப் போகிறவர் வருகிறவர் எல்லோரும் தெரிவார்கள். அவர் நடை மட்டும் வேறு மாதிரி. மண்டியிட்டே வேலை செய்து முழங்கால் இரண்டும் காய்த்துப்போயிருந்தன. படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்துத்தான் ஏறுவார்.

என் வீட்டுக்காரரின் அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். இளவயதில் நடந்த ஒரு விபத்தில் அவருக்கு இடுப்புக்குக் கீழே செயல் போய்விட்டது. அதற்கும் சேர்த்து வாய் வேலை செய்யும். பதினைந்து வருடங்களுக்கு முன் எங்களோடு வந்து சேர்ந்தார். வீட்டுக்குள் சக்கர நாற்காலியில் அவர் போகாத இடமில்லை, குளியலறையைத் தவிர. அதன் வாசலில் ஒரு சாண் உயரத்துக்குப் படி இருந்தது. என் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நாற்காலியோடு தூக்கி உள்ளே வைப்பார். அந்தப் பெரிய நாற்காலி முழுதாக உள்ளே போகாது, பாதி வெளியே நிற்கும். கதவு சாத்தாது. ஒரு திரையைத் தொங்கவிட்டு நான் குளிப்பாட்டுவேன்.

காலை முதல் ராத்திரி வரை ஓயாமல் பேசுகிற அண்ணி, அந்தக் கால் மணி நேரம் மட்டும் ஒரு வார்த்தை பேச மாட்டார். சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். பதினொரு வருடமும் அப்படித்தான்.

வாடகைக்கு இருந்த அதே வீடு எங்களுக்கே சொந்தமானபோது, ஆளுக்கு என்ன வேண்டும் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நான் சமையலறையில் ஓர் அலமாரி கேட்டேன். அண்ணி சொன்னார்: "கதவைச் சாத்திக்கிட்டு நானே குளிக்கணும்டா. வேற ஒண்ணும் வேணாம்."

தரையைப் புதிதாகப் போட இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். முதல் ஆள், "படியை எடுத்தா ஹால் குளமாயிடும்" என்றார். இரண்டாவது ஆள், "தண்ணி வெளிய வராம உள்பக்கமா சரிச்சு வாட்டம் குடுக்கலாம். ஆனா அந்த வாட்டத்துல நாற்காலியும் சேர்ந்து உருளும். பிரேக் போட்டுக்கட்டும்" என்றார்.

"ஈரக்கையில பிரேக் வழுக்கும் தம்பி. நான் சோப்பைப் பிடிக்கவா, பிரேக்கைப் பிடிக்கவா?" என்று அண்ணி கேட்டார். அவர் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டார்.

அன்று சாப்பாடு போடும்போது, "மூணாம் மாடி ரசமட்டம் அண்ணனைக் கேட்டா என்ன?" என்றேன்.

என் வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். நான் யோசனை சொல்வது அவருக்குப் புதிது. "அவரா? ஒரு சமையலறைக்கு ஒரு மாசம் எடுத்த ஆளு."

"பதினொரு வருஷம் காத்தவளுக்கு ஒரு மாசம் பெரிசாடா? கூட்டிட்டு வா" என்றார் அண்ணி.

ரசமட்டம் வந்தார். தண்ணீர் கொடுத்தேன். நாலு சொட்டு விட்டார், பார்த்தார், குடித்தார், துடைத்தார். அண்ணி சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "அக்கா, நீங்க கட்டில்ல கொஞ்ச நேரம் இருங்க. இந்த நாற்காலியை நான் எடுத்துக்கறேன்" என்றார். பிறகு அதில் உட்கார்ந்து மதியம் வரை வீடு முழுக்க உருட்டிக்கொண்டு திரிந்தார். கதவில் இடித்தார். மேசைக் காலில் மாட்டினார். திரும்ப எவ்வளவு இடம் வேண்டும் என்று சாக்பீஸால் தரையில் வட்டம் போட்டார். கடைசியில் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"கை விட்டுப்போச்சு அக்கா. தினமும் இதையா தள்ளுறீங்க?"

"இல்ல, நேத்துதான் வாங்கினேன்" என்றார் அண்ணி.

டைல்ஸ் கடைக்கு எல்லோரும் போனோம். கடையின் நடுவே ஆள் உயரத்துக்குப் பளிங்கு மாதிரி பலகைகள் நின்றன. அண்ணி அங்கேயே நின்றுவிட்டார். "இதான். முகம் தெரியுது பாரு." ரசமட்டம் முன்னால் வந்தார். மாதிரிக்கு வைத்திருந்த ஒரு பலகையைத் தரையில் கிடத்தி, தன் பாட்டிலிலிருந்து தண்ணீரை ஊற்றினார். "இதுமேல ஏறிப் பாருங்க" என்றார். கடைக்காரர் பதறிக்கொண்டு ஓடி வந்து அந்த ஊர் பாஷையில் ஏதோ கத்தினார். இவர் அதே பாஷையில் பாதியும் கையால் பாதியுமாகச் சமாதானம் சொல்வதற்குள் அண்ணி ஏறிவிட்டார். சக்கரம் ஈரத்தில் வழுக்கி அண்ணியைக் குறுக்கே திருப்பிவிட்டது.

"முகம் தெரியும், மூக்கு இருக்காது" என்றார் ரசமட்டம்.

கடையின் பின்பக்கம் போய் உள்ளங்கையளவு சின்ன டைல்ஸ் எடுத்துவந்தார். சாம்பல் கலந்த பச்சை. தொட்டால் மெல்லிய மணல் போல இருந்தது.

"பஸ் ஸ்டாண்ட் கக்கூஸ் மாதிரி இருக்கே!"

"இருக்கட்டும் அக்கா. பெரிய பலகை வளையாது. தண்ணி எங்க போகணுமோ அங்க தரையைச் சாய்க்க, சின்னதாலதான் முடியும். இடுக்கு நிறைய வரும், சக்கரம் பிடிக்கும்." அண்ணி ஈரமான டைல்ஸைக் கட்டை விரலால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தார். பிறகு பளிங்கை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

வேலை தொடங்கியது. வாசல் படி ஒரே நாளில் போய்விட்டது. பழைய தரையைப் பெயர்த்து, தண்ணீர் கசியாத பூச்சைப் பூசி, கலவை கொட்டிச் சாய்வாக இழுத்துவிட்டார். தண்ணீர் வெளியேறும் வாய் வாசலுக்கு எதிர்ச்சுவர் ஓரத்தில் இருந்தது. அண்ணிக்குத் தினமும் ஈரத்துணியால் துடைப்பதோடு சரி.

கலவை காயும் நேரத்தில் ரசமட்டம் பின்வாசல் படியில் உட்கார்ந்து போனில் மனைவியோடு பேசுவார். சொந்த ஊரில் அவர் வீட்டுக்கும் அப்போது தரை போட்டுக்கொண்டிருந்தார்கள். வேறு யாரோ ஒட்டுகிறார்கள். இவர் இங்கிருந்து போனில் பார்த்துக்கொள்கிறார்.

"மூலையில ஒரு செம்பு ஊத்து."

"ஊத்தியாச்சு. ஓடுது" என்றது அந்தப் பக்கத்துக் குரல்.

"ஓடினதைக் காட்டு."

"ஓடினதை எப்படிக் காட்டுறது? அது ஓடிப்போச்சு! டைல்ஸ் போடுறவரு என்னைப் பார்த்துச் சிரிக்கிறாரு. உங்க வேலையை அங்க பாருங்க."

ஜன்னலுக்கு உள்ளே இருந்த அண்ணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏன் ரசமட்டம், இந்தத் தண்ணி ஊத்துற வியாதி எப்ப பிடிச்சுது?"

அவர் போனைப் பையில் வைத்துவிட்டுச் சொன்னார். "முதல்முதலா தனியா ஒரு பாத்ரூம் போட்டேன் அக்கா. சுறுசுறுப்பான ஆளுன்னு பேர் வாங்கணும்னு ரெண்டே நாள்ல முடிச்சேன். ரெண்டு வருஷம் கழிச்சு அதே வீட்டுக்கு வேற வேலைக்குப் போறேன். அந்த அம்மா குனிஞ்சு, கதவுக்குப் பின்னால நிக்கிற தண்ணியைத் துடைப்பத்தால தள்ளிட்டு இருந்தாங்க. தினமும் தள்ளுவாங்களாம். நான்தான் போட்டேன்னு அவங்களுக்கு ஞாபகம்கூட இல்ல. எனக்கு டீ குடுத்தாங்க."

 

கலவை இறுகியதும் சோதனை. குளிப்பதற்கென்று தனியாக ஒரு சின்ன நாற்காலி வாங்கியிருந்தோம். இருக்கையில் துளைகளும் பின்னால் பெரிய சக்கரங்களும் உண்டு. அண்ணி அதில் உட்கார்ந்து தானே உள்ளே உருட்டிக்கொண்டு போனார். ரசமட்டம் சொன்னபடி, எதிர்ச்சுவரில் இருந்த குழாயைப் பார்த்து நேராக நின்றார். "ரெண்டு கையையும் தூக்குங்க" என்றார் ரசமட்டம். அண்ணி தூக்கினார். நாற்காலி மெல்ல, மிக மெல்ல, எதிர்ச்சுவரை நோக்கி நகர்ந்தது. கால்மிதி சுவரில் தட்டி நின்றது.

ரசமட்டம் மறுநாள் கலவையைக் கொத்தி எடுத்துவிட்டு வாட்டத்தைக் குறைத்துப் போட்டார். இப்போது நாற்காலி நின்றது, தண்ணீரும் நின்றது. அதையும் கொத்தினார். இரண்டு நாள் வேலை இரண்டு தடவை சாக்கு மூட்டையாக வெளியே போனது. என் வீட்டுக்காரர் வாசலில் நின்று பெருமூச்சு விட்டார். அண்ணி முதல் தடவையாக, "போதும், பழையபடி படியையே வச்சிடுங்க" என்றார். சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

ரசமட்டம் கலவைத் தூளின் நடுவே மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். நான் டீயோடு நின்றேன். வாய் வரை வந்த வார்த்தை உள்ளேயே நின்றது. டீயை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். சமையலறை வரை போய், மறுபடியும் வந்தேன்.

"அண்ணே, அண்ணி எதுக்கு முன்னாலயும் நேரா நிக்க மாட்டாங்க. பாத்திரம் கழுவினாலும், அடுப்புக்கிட்ட வந்தாலும், பக்கவாட்டாத்தான் நிறுத்துவாங்க. வலது கை பக்கம் இருக்கிற மாதிரி."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு டீத் தம்ளரைப் பார்த்தார். அது அதற்குள் காலியாகியிருந்தது; ஒரு மரப்பலகையைச் சாய்த்து வைத்து அதன் மேல் தம்ளரைப் படுக்கவைத்தார். வாட்டத்தின் நேர் வழியில் வைத்தபோது ஓடியது. குறுக்கே திருப்பி வைத்தார். அசையாமல் கிடந்தது.

"சக்கரம் பக்கவாட்டுல உருளாதுல்ல!" என்று கத்தினார். "முப்பது வருஷமா தம்ளரைக் கையில வச்சிருக்கேன். என் மண்டையில என்ன இருக்கு, ஜல்லியா? தங்கச்சி, குழாய் இதே சுவர்ல கீழ இறங்குது."

குழாய் எதிர்ச்சுவரிலேயே கீழே இறங்கியது. அண்ணி பக்கவாட்டாக உட்கார்ந்த நிலையில் வலது கை எட்டும் உயரத்தில் வைத்தார். வாட்டத்தை முதலில் இருந்த அளவுக்கே கொடுத்தார். அதன் மேல் அந்தப் பச்சை டைல்ஸை ஒட்ட ஒன்பது நாள் ஆயிற்று. ஒவ்வொன்றையும் வைத்து, ரப்பர் சுத்தியலால் தட்டி, காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்பார். எனக்கு எல்லாத் தட்டும் ஒரே சத்தமாகத்தான் கேட்டது. அவர் சிலவற்றை மட்டும் பெயர்த்து அடியில் கலவை சேர்த்து மறுபடி வைத்தார். முடிந்த தரையை நான் குனிந்து பார்த்தேன். சாய்வு எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. கைவைத்துத் தடவினேன், கைக்கும் தெரியவில்லை.

நன்றாகக் காயட்டும் என்று மேலும் நான்கு நாள் யாரையும் உள்ளே விடவில்லை. ஐந்தாம் நாள் காலையில் வந்து, ஒரு வாளித் தண்ணீரை வாசலோரமாக ஊற்றினார். அது துணி விரிவது போல மெல்லிசாகப் பரவியது. ஒரு கணம் எங்கும் போகாதது போல இருந்தது. பிறகு யாரோ ஓரத்தைப் பிடித்து இழுத்த மாதிரி, மொத்தமும் ஒரே சீராக எதிர்ச்சுவர் பக்கம் போய் வாய்க்குள் இறங்கியது. வாசலில் ஒரு சொட்டு ஏறவில்லை.  தரையில் மண்டியிட்ட ஒரு மனிதர் தண்ணீருக்கு வழி சொல்லிக் கொடுத்துவிட்டார், அதுவும் கேட்டு நடக்கிறது.

அண்ணி மாற்றுத் துணியை மடியில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். பக்கவாட்டாகத் திரும்பி நிறுத்தினார். இரண்டு கையையும் தூக்கினார். நாற்காலி அசையவில்லை. எங்கள் மூன்று பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"என்ன சினிமாவா ஓடுது? போங்க எல்லாரும்."

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

நாங்கள் ஹாலில் உட்கார்ந்திருந்தோம். என் வீட்டுக்காரர் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். ரசமட்டம் தலையைச் சாய்த்துத் தண்ணீர் வாய்க்குள் இறங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து பேச்சுக்குரல் வந்தது. அண்ணி குளித்துக்கொண்டே சோப்பைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"சரியா போகுது" என்றார் ரசமட்டம். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து மாடி ஏறிப் போனார்.

இது நடந்து நான்கு வருடங்கள் ஆகின்றன. அவர் வீட்டுத் தரை அப்போதே முடிந்துவிட்டது. அதன் மேல் அவர் இன்னும் கால் வைக்கவில்லை, போனில்தான் பார்த்திருக்கிறார். எங்கள் வீட்டைத் தவிர வேறு வீடுகளில் தண்ணீர் கொடுத்தால் இன்னும் நாலு சொட்டு விடுகிறார். அண்ணி தினமும் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு முக்கால் மணி நேரம் குளிக்கிறார். வீட்டில் குளியலறை ஒன்றுதான். என் வீட்டுக்காரர் துண்டோடு வெளியே நிற்கிறார்.