விரத இரவுகளின் கோடு

கால் பெருவிரலில் ஒரு கொப்புளமாகத்தான் அது தொடங்கியது. வலிக்கவில்லை; அதுதான் ஆபத்து என்று அப்போது தெரியாது. காரைக்கால்மேட்டில் மீன் ஏலம் விடுகிறவன் நான். மணலில் எதையாவது மிதித்திருப்பேன் என்று விட்டுவிட்டேன். அது உடைந்து ஆறாத புண்ணான பிறகே ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

சர்க்கரை நோயால் கால் நரம்பு மரத்துவிட்டது, சர்க்கரை அடங்காவிட்டால் விரலையே எடுக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். அன்றே திருநள்ளாற்றுச் சனிபகவானுக்கு நேர்ந்துகொண்டேன். சனிக்கிழமை மட்டும் இருந்த விரதத்தை எல்லா இரவுக்கும் நீட்டினேன். சோறு கிடையாது, பலகாரம் மட்டும்.

காலையில் வெறும் வயிற்றில் அளந்தால் சர்க்கரை ஒழுங்காகவே இருந்தது. ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி) மட்டும் இறங்கவில்லை. புண்ணும் ஆறவில்லை. மறைத்து ஏதும் சாப்பிடுகிறீர்களா என்று டாக்டர் கேட்டார். விரதம் இருக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா என்று எனக்குச் சுருக்கென்றது.

அப்போது புதிதாக வந்திருந்த சென்சாரை (தோலுக்கடியில் இருந்து சர்க்கரையை ஓயாமல் அளக்கும் மெல்லிய கம்பி) என் வயிற்றில் பொருத்தினார்கள். அதன் பெட்டியைக் கைலியில் செருகிக்கொண்டே ஏலம் விட்டேன். சில நாள் கழித்துக் கழற்றி, கம்ப்யூட்டரில் காட்டினார்கள்.

மெய்சிலிர்த்துப்போனேன். நான் பார்த்தே இராத என் உடம்பு அங்கே ஒரு கோடாக ஓடியது. ஏலத்தில் கத்திக்கொண்டே நடந்த நேரமெல்லாம் கோடு பணிந்து இறங்கியது. மதியம் மீன்குழம்புச் சோற்றுக்குச் சிறு மேடு. ஆனால் ஒவ்வோர் இரவும் ஒரு மலை! நான் குறட்டை விட்டுக் கிடக்க, அது ஏறி நின்று, விடிவதற்குள் ஒன்றும் தெரியாததுபோல் இறங்கியிருந்தது.

டாக்டர் மலையில் விரல் வைத்து, என்ன இது என்றார். என் மனைவி செல்வி முந்திக்கொண்டாள்.

"அது விரதம், டாக்டர். சாமிக்காக ராத்திரி சோத்த வுட்டாங்க. எட்டு இட்லி சாப்பிடுறாங்க."

இட்லி அரிசி என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். விரதத் தட்டில் வந்தால் அது அரிசியாகத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

நேர்ச்சையை விடவில்லை. இரவில் எட்டுக்குப் பதில் இரண்டு இட்லி, ஒரு கிண்ணம் சுண்டல், பிறகு செல்வியோடு கடற்கரை வரை நடை. மாத்திரையையும் மாற்றினார்கள். புண்ணின் ஓரத்திலிருந்து புதுத்தோல் மெல்ல ஊர்ந்து வந்தது. கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் இருவரும் குனிந்து அதையே பார்ப்போம்.

கருவியைக் கழற்றிய அன்றே திருப்பி வாங்கிக்கொண்டார்கள். கோடு நிற்கவில்லை. இதை எழுதும்போதும் உள்ளே ஓடுகிறது, படிக்கிற உங்களுக்குள்ளும்தான். இப்போதெல்லாம் படுக்கப்போகுமுன் செல்வி என் பாதங்களை விளக்கில் பார்ப்பாள். பார்த்துவிட்டு, "பத்து விரலும் இருக்கு, தூங்குங்க" என்பாள்.