மொழி காரணமாக நீக்கப்பட்டவை

புனிதவதி தன்னுடைய கட்டுரையைத் தன்னுடைய விரலாலேயே நிராகரித்தாள்.

யாழ்ப்பாணத்தில் கல்வியியல் விரிவுரையாளராக இருந்தவள். இப்போது ரொறன்ரோவில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஒப்பந்த ஆய்வு உதவியாளர். கல்வித் திறமை என்றால் என்ன, அதை எப்படி அளப்பது என்று உலகம் முழுக்க நாற்பது வருடமாக யார் யார் எழுதினார்கள், ஆய்வு எந்தப் பக்கம் போகிறது என்று கணக்கெடுப்பதுதான் வேலை. ஒவ்வொரு கட்டுரையையும் இரண்டு பேர் பார்த்து, ஏற்பதா நீக்குவதா என்று குறிக்கவேண்டும். ஆங்கிலத்தில் இல்லாதது நீக்கம், அது விதி.

பட்டியலில் பதினேழு தமிழ்க் கட்டுரைகள் வந்தன. பன்னிரண்டாவது அவளுடையது. இடம்பெயர்ந்த பிள்ளைகளின் பரீட்சைப் புள்ளிகள் எதைக் காட்டுகின்றன, எதை மறைக்கின்றன என்று மூன்று வருடம் முகாம் முகாமாய் அலைந்து எழுதியது. 'காரணம்: மொழி' என்ற கட்டத்தை அழுத்தினாள். விதி விதிதானே!

பிறகு அறிக்கையின் வரைவு வந்தது. அதில் ஒரு வரி: 'இலங்கையில் இத்துறையில் ஆய்வு ஏறக்குறைய நடக்கவேயில்லை.'

"இஞ்சருங்கோ, உதை ஒருக்கா வாசியுங்கோ."

பக்கத்து நகரமான மிசிசாகாவில் வேலைக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்த கணவர் விநாயகமூர்த்தி வாசித்துவிட்டுச் சிரித்தார். "கம்பஸில எத்தினை பெடியளைப் பெயில் விட்டனீர். கடைசியில உம்மையே பெயில் விட்டிட்டீரோ?"

"பகிடி விடாதேங்கோ. 'நாங்கள் வாசிக்கேல்லை' எண்டு எழுதட்டும். 'நடக்கேல்லை' எண்டு எழுத இவையள் ஆர்?"

"அதைப் போய் அங்க சொல்லுமன். என்னட்டைக் கத்தி என்ன?"

போய்ச் சொன்னாள். ஆய்வை நடத்தும் பேராசிரியர் கரோலின் பொறுமையாகத்தான் கேட்டார். "தமிழ்க் கட்டுரைகளைச் சேர்த்தால் இரண்டாவது வாசகர் வேண்டுமே, புனிதா. தமிழ் தெரிந்த இன்னொருவருக்கு எங்கே போவது?"

"இந்த நகரத்திலா இல்லை? ஒருநாளாவது தேடினீர்களா?"

கரோலின் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வரி மாறும்வரை அறிக்கையில் ஒப்பமிடமாட்டேன் என்றாள் புனிதவதி. வரி மாறவில்லை. அவளுக்குப் பதிலாக அலெக்ஸாண்டர் என்ற புது உதவியாளன் ஒப்பமிட்டான். இறுதிப் பிரதியில், எழுதியவர்களின் வரிசையில் அவள் பெயர் இல்லை. அடியில், சின்ன எழுத்தில் இருந்தது: 'தமிழ் மொழி உதவிக்காகப் புனிதவதிக்கு நன்றி.'

ஒரு தமிழ் வரிகூட வாசிக்காத ஆய்வுக்குத் தமிழ் உதவியாம்!

'நான் உதவவில்லை. உதவ நீங்கள் விடவில்லை. என் பெயரை எடுத்துவிடுங்கள்' என்று கரோலினுக்கு எழுதினாள். பதினேழு கட்டுரைகளுக்கும் ஆங்கிலத்தில் தானே எழுதிய சுருக்கங்களை இணைத்தாள். அறிக்கையை வெளியிடவிருந்த சஞ்சிகையின் ஆசிரியருக்கும் ஒரு பிரதி. அவளுடைய ஒப்பந்தம் சித்திரையோடு முடிகிறது, புதுப்பிக்கவேண்டியவர் கரோலின். அது தெரிந்தேதான் அனுப்பினாள்.