பெல்மேர் என்றொரு மரியாதை

அம்மா செத்த மறுவருஷம், அப்பா வாசுதேவநல்லூரிலிருந்து இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொண்டு வந்தவளை நான் ஒருநாளும் சித்தி என்று கூப்பிட்டதில்லை. பதினாலு வருஷம் மொட்டையாகவே பேசினேன். "சோறு இருக்கா?" "சாவி எங்க?" அவ்வளவுதான். அவள் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. எனக்கு எரிச்சலே அதுதான்.

நர்ஸ் வேலைக்குக் கனடா போகவேண்டும் என்று பிரெஞ்சு படித்தேன். சீசன் வந்துவிட்டால் அப்பா ஐந்தருவியில் சிப்ஸ் கடையே கதி என்று கிடப்பார். தென்காசி வீட்டில் நாங்கள் இரண்டே பேர். நான் சத்தம் போட்டு ஒப்பிப்பேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பாள். உறவுமுறைப் பாடம் வந்த அன்று மெதுவாக வாயைத் திறந்தாள்.

"மக்கா, சித்தியை அங்கன எப்படிக் கூப்பிடுதாவ?"

"பெல்மேர். மேர்னா அம்மா. பெல்னா அழகு."

"அழகம்மாவா!" முகமெல்லாம் பல்லாகிவிட்டது. அன்று முழுக்க அடுப்படியில் பெல்மேர், பெல்மேர் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்குமா? அந்தச் சொல்லின் பூர்வீகத்தைத் தோண்டியெடுத்து, மறுநாள் இட்லித் தட்டோடு வந்தவள் தலையில் கொட்டினேன்.

"ரொம்பக் குளுர வேண்டாம். முன்னாடி மராத்ர்னு ஒரு வார்த்தை இருந்துச்சு. மாத்தாந்தாய்னுதான் அர்த்தம். ரெண்டாந்தாரமா வந்தவளுவ செஞ்ச கொடுமைல அதுவே வசவாப் போச்சு. அதான் பெல்லுன்னு மேல ஒரு பூச்சு. அழகும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. பத்திரத்துல எவனா இருந்தாலும் 'திரு' போடுதோம்லா, அந்த மரியாதைதான்."

கோபப்படுவாள் என்று பார்த்தேன். "மரியாதையா இருந்தாலும் நல்லதுதான மக்கா" என்று சட்னியை ஊற்றிவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் லேப்டாப்பில் மாதிரிப் பேச்சுத் தேர்வு. குடும்பத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார் அந்தப் பக்கம் இருந்த ஆசிரியை. கதவுக்கு வெளியே அவள் நிற்பது எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு பிரெஞ்சுச் சொல். அது காதில் விழுமா என்றுதான் நிற்கிறாள். அப்பா கடை வைத்திருக்கிறார், அம்மா இறந்துவிட்டார், வீட்டில் வேறு யாரும் இல்லை என்றேன். ஒரு பிழைகூட இல்லை என்று ஆசிரியை பாராட்டினார்.

வெளியே வந்ததும் காபியை நீட்டினாள். பாவி நான், இப்போது நினைத்தாலும் என் வாயில் நானே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

"பதட்டத்துல அந்த வார்த்தை மறந்துபோச்சு, என்ன மக்கா?"

நான் தப்பிக்க அவளே வழி விட்டாள். ஆமா என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும்.

"மறக்கல" என்றேன். "சொல்லல."