மூன்று தரம் கூப்பிட்ட பிறகு

“கொழந்த அழுதுதான் எங்க கலைமதிக்குத் தூக்கம் போச்சுன்னு நெனச்சுக்காத. எம் பேத்தி தங்கம். படுக்க வெச்சா அடிச்சுப்போட்ட மாதிரி தூங்குவா.”

பக்கத்து வீட்டு பாரதி அப்படி எதுவும் கேட்கவில்லை. குழந்தைக்குச் சட்டை கொண்டுவந்திருந்தாள், அவ்வளவுதான். பேத்தி பிறந்து ஒரு மாதம். யார் வந்தாலும் எனக்கு வாய் நிற்பதில்லை.

கலைமதி என் மருமகள். அரூர்ப் பெண். அதியமான்கோட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்தே ஒரு ஆம்புலன்ஸ் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். நான் லாரி ஓட்டியவன், அஞ்சாவதோடு நின்றவன். அவள் சொல்லித்தான் தெரியும். அடிபட்டவர்கள் போனில் பட்டனை அழுத்தினால் ஒரு புரோகிராம் அதை வாங்கி, வண்டி அனுப்பும் இன்னொரு புரோகிராமிடம் சொல்லும். அது சில நேரம் பதில் பேசாது. கெட்டுப்போவதில்லை, கொஞ்சம் திணறும், தானே சரியாகும். அதனால் மறுபடி கேட்க வேண்டும். எத்தனை தரம் என்று எழுதியவள் இவள். விநாடிக்கு ஒன்றாக மூன்று தரம். பிறகு ‘போகாதவை’ என்று ஒரு பட்டியலில் போட்டுவிடும்.

போன ஆடியில் தொப்பூர் இறக்கத்தில் வெங்காய லாரி கவிழ்ந்தது. கிளீனர் நவநீதன் பட்டனை அழுத்தினார். அந்தப் பக்கம் நாற்பது விநாடி திணறல். இவளுடையது மூன்றே விநாடியில் கைவிட்டது. ஆனால் பட்டனை அழுத்தியதுமே அவர் போனில் ‘வண்டி வருகிறது’ என்று காட்டிவிட்டது. நம்பி உட்கார்ந்திருந்தார். அவர் மடியிலேயே டிரைவர் மாயவன் உயிர் போனது.

தப்பு எங்கே என்று வெளியே யாருக்கும் தெரியாது. இவளுக்குத் தெரியும். அப்போது மூன்று மாதம் முழுகாமல் இருந்தாள். சோற்றில் கை வைத்தவள் அப்படியே நிறுத்தி, “யாரோ கூப்புடற மாதிரி இல்லீங்களா மாமா?” என்பாள்.

இனி ஒரு அழைப்பும் கைவிடப்படக் கூடாது என்று பிரசவ லீவிலும் உட்கார்ந்து புதுப் புரோகிராம் எழுதினாள். ஒரு விநாடி விட்டு, இரண்டு விட்டு, நான்கு, எட்டு விட்டு என்று பதில் வரும்வரை கேட்கும். ஒரே அழைப்புக்கு இரண்டு வண்டி போகாதபடி ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்.

நேற்று மதியம் அதை ஓடவிட்டாள். மூன்று மணிக்கு ஆம்புலன்ஸ் டிரைவர் சவுரியப்பன் கூப்பிட்டார்.

“ஏம்மா, தொப்பூர் வளைவுக்கு வரச் சொன்னீங்க. வந்துட்டம்னு பட்டனும் அமுக்கிட்டேன். இங்க ஈ காக்கா இல்ல. காஞ்ச மாலை ஒண்ணுதான் கம்பியில தொங்குது.”

“கூப்புட்டது யாருன்னு போட்டிருக்குதுங்க?”

“நவநீதன்.”

பேத்தியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். அவள் கம்ப்யூட்டரைத் திறந்து தேடினாள். எவ்வளவு பழைய அழைப்பை விட்டுவிடுவது என்று எழுத மறந்திருக்கிறாள். பழைய பட்டியலில் கிடந்ததையும் எடுத்து அனுப்பிவிட்டது புதுப் புரோகிராம்.

பொழுது சாய்வதற்குள் அதைத் திருத்தினாள். இன்று காலை பால் கொடுத்துவிட்டு, பேத்தியை என்னிடம் நீட்டினாள்.

“நேத்து அந்த நவநீதன் அண்ணன் போனுக்கு ‘வண்டி வந்துவிட்டது’ன்னு மெசேஜ் போயிருக்குதுங்க மாமா. ஏழு மாசங் கழிச்சு. நடந்தத நானே சொல்லிடறேன். ரெண்டு தரம் அடிச்சிட்டேன், எடுக்கல. எடுக்கற வரைக்கும் அடிப்பேன்.”