கழுவக்கூடாத பஞ்சு

போர் முடிந்த அந்த வைகாசியில், வன்னியில் இருந்த அண்ணையிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. தொலைக்காட்சிக்கு முன்னாலேயே கிடந்த என்னை எழுப்பத்தான் என் கணவர் மீன்தொட்டி வாங்கிவந்தார்.

நான் புலம்பெயர்ந்து வந்த பிராண்டே என்ற வெளிநாட்டு ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்பவள். அழுக்கை என் கண்ணில் காட்டக்கூடாது. ஊரில் கிணறு இறைப்பதுபோல, ஒன்றுவிட்டு ஒருநாள் தொட்டியை முழுதாக இறைத்துத் தேய்த்தேன். வடிகட்டியின் பஞ்சைச் சுடுதண்ணீரில் அலசிப் பிழிந்தேன். தொட்டி பளபளத்தது, மீன்கள்தான் ஒவ்வொன்றாகச் செத்து மிதந்தன.

தொட்டித் தண்ணீரைப் போத்தலில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரப் பெண் அதில் மருந்துத் துளிகள் விட்டாள், ஊதாவாக மாறியது. நைட்ரைட்டாம், மீனுக்கு நஞ்சாம். அந்த நஞ்சை முறிக்கும் பக்டீரியா பஞ்சில்தான் குடியிருக்குமாம். நான் அதைத்தான் கழுவிக் கொன்றேனாம். இனிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மாற்றுவதோடு சரி, பஞ்சைத் தொடவே கூடாதாம். எனக்கு வந்ததே கோபம்! கழுவிச் சம்பளம் வாங்குகிறவளிடம் சொல்கிற கதையா இது?

ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். தண்ணீர் பால்போலக் கலங்கிக்கிடந்த ஒரு காலையில் தொலைபேசி அடித்தது. அண்ணை, முகாமிலிருந்து. இருவரும் அழுது ஓய்ந்தபிறகு, "இப்ப என்ன செய்துகொண்டிருக்கிறாய்?" என்று கேட்டார்.

"ஒண்டும் செய்யேல்லை, அண்ணை. மீன்தொட்டித் தண்ணி கலங்கிப்போச்சு. தானாத் தெளியுமாம். பாத்துக்கொண்டிருக்கிறன்."

"ஆர், நீயோ? கழுவாமலோ?"

அண்ணை முகாமில் நின்று வாய்விட்டுச் சிரித்தார்.