பேத்திக்காகச் சாமிக்கண்ணு கற்ற டச்சு

வெள்ளிக்கிழமை காலை ரங்கூன் போட்டாதாங் துறையில் எங்கள் அரிசிக் கிட்டங்கி வாசலிலேயே, கூட வேலை பார்க்கும் கோ டின் என்னை நிறுத்தினார். "சாமி அண்ணன் போயிட்டாரு. விடியக்காலையில, மூச்சுத் திணறி." உள்ளே அரிசி மூட்டைகள் நகர்ந்துகொண்டிருந்தன.

எங்கள் ஏற்றுமதிக் கணக்கர் சாமிக்கண்ணுவின் உரத்த குரலை, இங்கே வேலை பார்த்த நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்தக் குரல் டச்சு பயின்றதை அருகிலிருந்து கேட்டவன் நான். டச்சுக்காரர் ஆண்ட சுமத்திராவின் மேடானில் வேலை பார்த்த அவருடைய ஒரே மகன் அங்கே டச்சுக் கலப்புக் குடும்பத்துப் பெண்ணை மணந்து, காய்ச்சலில் இறந்துபோனான். மருமகள் கரோலின் மகளோடு ரங்கூன் வருவதாகச் செய்தி வந்தது. இருவருக்கும் தமிழ் தெரியாது.

அரிசி ஏற்ற வரும் டச்சுக் கப்பலின் சமையல்காரரைப் பாடம் கேட்கப் பிடித்துக்கொண்டார் சாமிக்கண்ணு. அந்த மொழியில் சொல்லோடு சொல்லை ஒட்டி நீட்டிக்கொண்டே போவார்கள். பிறந்தநாள் பரிசு என்பதை வெர்-யார்-தாக்ஸ்-கெ-ஸ்கெங்க் என்று மேசையைத் தட்டித் தட்டிப் பிரிப்பார். "வெட்டத் தெரிஞ்சா போதாதுப்பா, அழுத்தத் தெரியணும். பெரும்பாலும் முதல் துண்டுலதான் கனம். இது ஏமாத்துது பாரு, ரெண்டாவதுல வச்சிருக்கான்!"

கப்பல் வந்த அன்று என்னையும் அழைத்துப்போனார். பேத்திக்கு டச்சுச் சொல் 'க்ளைன்டொக்தர்'. சின்ன, மகள் என்ற இரண்டும் ஒட்டியது. முன்பாதியை அழுத்தி ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். பதற்றத்தில் நடுவே நின்று, பின்பாதியை அழுத்திவிட்டார்; பேத்தி என்பது 'சின்ன மகள்' என்று பிரிந்துபோனது. ஆறு வயது மினா முகம் சுளித்து ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்றா அண்ணே?"

"தான் ஒண்ணும் சின்னவ இல்லையாம்!" சிரித்தார், கண் கலங்கியிருந்தது. மறுபடி சரியாகச் சொன்னார். அவள் அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

மழைக்காலம் முழுக்க, ரங்கூனை ஒட்டிய தின்கன்ஜூனில் அவர் வீட்டில் தாயும் மகளும் இருந்தார்கள். பிறகு கரோலின் மேடானில் இருக்கும் தாயிடம் திரும்ப முடிவு செய்தாள். துறையில் பெட்டிகள் ஏறிய பின்பும் அவள் மாமனார் முகத்தையே பார்த்து நின்றாள். அவர் நல்ல டச்சில் விடைகொடுத்து அனுப்பினார்.

கப்பல் விலகியதும் கேட்டேன்: "இருங்கன்னு சொல்லியிருக்கலாமே அண்ணே. அந்தச் சொல் தெரியாதா?"

"தெரியும். 'ப்ளைஃப்'. ஒத்தை அசை. வெட்டவும் வேண்டாம், அழுத்தவும் வேண்டாம்." ஆற்றைப் பார்த்தபடி இருந்தார். "கேட்டு, அவ மாட்டேன்னுட்டான்னா?"

அவள் அதற்காகத்தான் காத்து நின்றாளா, எனக்குத் தெரியாது. அடுத்த முறை வந்தால் கேட்டுவிடுவதாகச் சொன்னார். அவர்கள் வருவதற்குள் இவர் போய்விட்டார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். என் வீட்டிலிருந்து யார் கிளம்பினாலும், மறுப்பார்கள் என்று தெரிந்தாலும், அவர்கள் செருப்பை மாட்டும் முன்பே சொல்லிவிடுகிறேன்: இருங்கள்.