தாமரைக்கு அடியில் இருந்த குழி

எங்கள் தெருமுனையில் நின்றால், வெளிநாட்டுக்காரர்கள் பார்க்க வரும் பழைய அரண்மனையான மஹாலின் பின்சுவர் தெரியும். அந்த ஒரு குற்றத்துக்காகத்தான் நாங்கள் கட்டிய வீட்டு வரியில் எங்களுக்கு ஒரு சாக்கடை மூடி கிடைக்காமல் போனது.

பாதாளச் சாக்கடைக் குழியின் மூடி உடைந்து உள்ளே விழுந்தது, எங்கள் வாசலுக்கு மூன்றடி தள்ளி. அப்போது என் மகளுக்கு எட்டு வயது. அவள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரத்தில் குழியருகே போய் நின்றுகொள்வேன். நான்கு முறை மனு கொடுத்தேன். வார்டு அதிகாரியிடம் ஒரே பதில்தான்.

"இந்த வருச வரி பூரா நீடித்த சுற்றுலா வளர்ச்சித் திட்டத்துக்குப் போகுதும்மா. சுற்றுலா வளந்தா ஒங்க தெருவும் தன்னால வளரும்."

வளர்ந்தது. வெளிநாட்டுக்காரர்கள் மஹாலிலிருந்து கோயிலுக்கு நடந்து போகிற பாதை என்று எங்கள் தெருவில் கலர்க் கல் பதித்தார்கள். பழங்கால விளக்கு மாதிரி இரும்புக் கம்பம் நட்டார்கள். குழியின் விளிம்புவரை அழகாகக் கல் பதித்துவிட்டுக் குழியை அப்படியே விட்டுப் போனார்கள். கல் பதித்தவர்களைக் கேட்டால், "மூடி வேற கான்ட்ராக்டு, யக்கா."

பாதையின் திறப்பு விழாவுக்கு முந்தின நாள் அதிகாரி வீடு வீடாக வந்தார். விருந்தாளிகளோடு போட்டோக்காரரும் வருவாராம், வாசல்தோறும் பெரிய கோலம் வேண்டுமாம். நான் குழியைக் காட்டினேன்.

"ஏதாச்சும் பலகையப் போட்டு மூடி, மேல கோலத்தப் போடுங்கம்மா. ஒரு நாள்தான?"

எதிர்வீட்டு அக்காவும் ஒத்து ஊதினாள். "கோலத்த எவன் மிதிப்பான்? எருமகூடச் சுத்தித்தான் போகும்."

எனக்கும் அது சரியென்றே பட்டது. இன்றும் என்னால் பொறுக்க முடியாதது அதுதான். நடக்கத் தொடங்கியதிலிருந்தே கோலத்தைத் தாண்டிப் பழகியவர்கள் எங்கள் பிள்ளைகள். எந்த மூடியையும்விடக் கோலம் காவல் என்று நம்பினேன். பழைய கட்டிலின் பிளைவுட் பலகையைக் குழிமேல் போட்டு, சாணம் மெழுகி, நடுத்தாமரை அதன்மேல் விழும்படி புள்ளி வைத்தேன். கலர்ப்பொடி தூவி முடித்தபோது எனக்கே அது தரையாகிவிட்டது.

மறுநாள் காலை, மேளம் முன்னால் வர, கழுத்தில் மாலையோடு வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். போட்டோக்காரர் என் மகளைப் பார்த்தார். "பாப்பா, அந்தத் தாமரை நடுவுல போய் நின்னு சிரி."

அவள் மிதிக்கத் தயங்கி என்னைப் பார்த்தாள். போ என்று தலையாட்டியவள் நான்.

பலகை முறிந்த சத்தம் மேளத்தில் கேட்கவேயில்லை. மேளக்காரர் ஒருவர்தான் உள்ளே குதித்து அவளைத் தூக்கினார். கண்ணும் பல்லும் தவிர எல்லாம் கறுப்பு. இடது கால் முட்டிக்குக் கீழே தொங்கியது. அதிகாரி என் காதருகே வந்து சொன்னார்: "பலகையப் போடச் சொல்லி யாரும்மா ஒங்கள்ட்ட சொன்னது? இம்புட்டுப் பேரு முன்னால மானத்த வாங்கிட்டீங்களே."

மூன்றாம் நாள் மூடி வந்தது.

அடுத்த முறை வரி கட்டப் போனபோது, கவுன்டருக்கு மேலே ஒரு பெரிய போட்டோ. என் கோலம். தாமரை முழுசாக, யார் காலும் படாமல் இருந்தது. நாற்காலியில் ஏறிக் கிழித்தேன்.

"யக்கா, அது ஆபீஸ் சொத்து!" என்று கவுன்டர்க்காரர் கத்தினார்.

"எங்க வரியிலதான எடுத்தீங்க?"

என் மகளுக்குக் கால் கூடிவிட்டது. இப்போது கல்லூரிக்குப் போகிறாள். வழியில் கோலத்தைக் கண்டால், பஸ் வந்தாலும் சரி, நடு ரோட்டில் இறங்கிச் சுற்றிப் போகிறாள். நல்ல வளர்ப்பு என்கிறார்கள் பார்ப்பவர்கள்.